குழாய்ப் பள்ளத்தில் வந்தவர்

சாக்கடைச் சேற்றின் நாற்றத்தோடுதான் அவர் எங்களுக்கு அறிமுகமானார். எனக்குப் பத்து வயதான கோடையில், புளியந்தோப்பில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் பின்னால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது, முகம் தேய்ந்துபோய், சம்மணமிட்டு உட்கார்ந்த பழைய கற்சிலை ஒன்று மேலே வந்தது. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் அப்பா கல்யாணத்துக்கு முன்பே பௌத்தத்தைத் தழுவியவர். அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டு, "புத்தரு, நம்ம புத்தரு" என்று அழுதார். அம்மாவோ முனீஸ்வரனுக்குப் பொங்கலிடும் வீட்டில் பிறந்தவள். "இன்னாய்யா சொல்ற? முனி குந்திகினு கீறாரு, கண்ணு தெர்லயா?" என்றாள்.

சிலையைக் குழாயடி ஓரத்தில் வைத்தார்கள். மாலையில் அம்மா மஞ்சள் பூசுவாள். காலையில் அப்பா அதைக் கழுவிவிட்டுப் பூ வைத்து, கண்மூடி உட்காருவார். யாரும் அதைச் சண்டையாக்கவில்லை.

ஆடி மாதம் தம்பிக்கு வந்த காய்ச்சல் பத்து நாளாகியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் கண் திறக்காமல் கிடக்க, அம்மா முனிக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்து வீடு திரும்பியதும், அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சிலையின் முன்னால் அதை அறுத்தாள். சேவலின் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

சாயங்காலம் திரும்பிய அப்பா, சிலையின் மடியில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டார்.

"உசுரக் கொல்லாதன்னு சொன்னவரு மடியில இன்னாடி பண்ணி வெச்சிகீற?"

"உன் புத்தரு கம்முனு குந்திகினு இருந்தாரு. எம் முனிதான் புள்ளயக் குடுத்தாரு" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு, இது யாரு?"

பாவாடையில் தெறித்திருந்த ரத்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "புத்தருப்பா" என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பார்வையிலிருந்து நான் இன்னும் தப்பவில்லை.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய அப்பா, அதன்பின் சாகும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. அந்தப் பேச்சை எடுக்காமலேயே இருவரும் இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினார்கள்.

இப்போது பழைய கட்டடங்களை இடித்து உயரமான அடுக்குமாடிகள் எழுப்பிவிட்டார்கள். குழாயடி இருந்த இடத்தில் லிஃப்ட் ஏறி இறங்குகிறது. இடித்த மண்ணோடு சிலையும் எங்கோ போய்விட்டது. கேட்டுப் பார்க்கலாமென்று அம்மாவை ஹவுசிங் போர்டு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். மனு எழுதிய குமாஸ்தா, "என்ன சாமிம்மா அது?" என்று கேட்டார்.

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு கும்புட்ட சாமி. அப்டியே எய்திக்கோ" என்றாள்.