கன்னி மூலைப் பள்ளம்

என் ஆம்ப்ளிஃபயர் உறுமத் தொடங்கியதும் நான் முதலில் சந்தேகப்பட்டது அதை விற்ற கடைக்காரரை. அடுத்து ஒயரை. அதற்கடுத்து கேபிள்காரரை. கடைசியாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் மனைவியை. ஒரே ஒரு ஆளை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அந்த ஆள் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

அதே மாதங்களில் என் மனைவி, வாஷிங் மிஷினைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே கோளாறு. எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை என்பது மீதி. அவள் செத்திருக்கலாம். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

நல்லம்பள்ளிப் பக்கம் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. ஹாலில் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், டிவி, கேபிள் பெட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நாதஸ்வரம் கேட்பேன். தவில் நின்று நாதஸ்வரம் மட்டும் மெல்லப் போகும் இடங்களில்தான் அந்தச் சத்தம் கேட்கும். ‘ங்ங்ங்’ என்று ஒரே ஸ்தாயியில், விடாமல், காதுக்குள் யாரோ வண்டை அடைத்து வைத்ததுபோல.

மூன்று வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். ஆபீசுக்கு லீவு போட்டேன். ஒயர்களை மாற்றினேன். கரண்ட் ஒயரையும் பாட்டு வரும் ஒயரையும் ஒட்டவிடாமல் தள்ளிக் கட்டினேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் வைத்தால் அமைதி. டிவியைச் சேர்த்தால் உறுமல். கேபிள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினால் பாதியாகக் குறைந்தது. பிடித்துவிட்டேன் என்று கேபிள்காரருக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். “எங்க லைன்ல ஒண்ணும் இல்லீங்க. உங்க வூட்டுலதான் எதோ இருக்குது, பாருங்க” என்றார். போனை வைத்துவிட்டேன். அடுத்தவன் சொன்னால் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்புறம் ஒருநாள் நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன். வாஷிங் மிஷின் ஓடும்போது உறுமல் இரட்டிப்பாகிறது! பெரிய விஞ்ஞானி மாதிரி எழுந்துபோய் மனைவியிடம் சொன்னேன்.

“நான் பாட்டு கேக்கறப்ப மிஷின் போடாத.”

அவள் துணி பிழிந்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மிஷின் எனக்கு கரண்ட் அடிக்குதுன்னு சொல்றேன். நீங்க பொட்டிக்குச் சத்தம் வருதுங்கறீங்க.”

“ஈரக் கையோட தொட்டா அப்பிடித்தான் சுர்ருங்கும். செருப்பு போட்டுக்க.”

இதுதான் நான் சொன்ன வைத்தியம். அவளும் போட்டுக்கொண்டாள். கூடவே, உள்ளங்கையால் தொடாமல் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்கவும் பழகிக்கொண்டாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்து ஒயர் மாற்றியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, ஹாலில் ஆம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் வைத்து உறுமலைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் பக்கெட் உருளும் சத்தமும் அவள் அலறலும் ஒன்றாகக் கேட்டன. ஓடினேன். சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கைத் தோல் உரிந்திருந்தது. நான் மிஷின் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய அந்த நொடியில் ஹாலில் உறுமல் அடங்கியது எனக்குக் கேட்டது. அவள் தரையில் கிடக்கிறாள், என் காது ஹாலில் இருக்கிறது. இதை நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? திங்கட்கிழமை அவள் மறுபடியும் துணி போட்டாள். நான் ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றிக்கொண்டு தர்மபுரிக்கு பஸ் ஏறினேன்.

ஆடியோ ரிப்பேர் செய்யும் பாய் அதிகம் பேசமாட்டார். பெட்டியைத் தன் மேஜையில் வைத்துப் போட்டார். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். துளிச் சத்தம் இல்லை.

“பொட்டி நல்லா இருக்குது சார். வூட்டுல எர்த் இருக்குதா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க? நானே நின்னு கட்டின வூடு. எல்லா பிளக்கும் மூணு பின்.”

“மூணு ஓட்டை இருந்தா எர்த் இருக்குதுன்னு ஆயிடுமா சார்? வூட்டுல யாருக்காச்சும் கரண்ட் அடிக்குதா?”

“சம்சாரத்துக்கு” என்றேன்.

“எத்தன நாளா?”

“ஒரு அஞ்சாறு மாசமா.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். சோல்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, “பொட்டி இங்கயே இருக்கட்டும். இப்பவே போன் போட்டு மிஷின் பக்கம் போக வேண்டாம்னு சொல்லுங்க” என்றார். அவர் கடை வாசலில் நின்றுதான் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது தடவை எடுத்தாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம்.

வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியனை அன்றைக்கே வரவழைத்தேன். ஒரு ஹோல்டரில் பல்பு, இரண்டு ஒயர்: அவருடைய டெஸ்ட் லேம்ப். ஒரு ஒயரை ஃபேஸ் ஓட்டையிலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தார். எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து எர்த் ஓட்டையில் வைத்தார். எரியவில்லை. அடுத்த அறையிலும் எரியவில்லை.

நான் குதித்தேன். “குழி வெட்டி, பைப் போட்டு, கரி உப்பு கொட்டினேன்னு சொன்னியே, எங்கய்யா அது? என் பொண்டாட்டி செத்திருந்தா நீ வந்து பதில் சொல்வியா?”

அவர் வெளியே போய், வீட்டின் தென்மேற்கு மூலையில் நின்றார். சிமெண்ட் தரையைக் காலால் தட்டினார்.

“இங்கதாங்கண்ணா வெட்டினேன். நீங்கதான் மூடச் சொன்னீங்க.”

என் பின்னால் மனைவி நின்றிருந்தாள். எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாஸ்து பார்க்கிறவர் வந்தார். தென்மேற்குக் கன்னி மூலையில் பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவன் உயிருக்கு ஆகாது என்றார். குடும்பத் தலைவன் நான். பைப்பைப் பிடுங்கிப் போட்டு குழியை மூடச் சொன்னேன். வேறு எங்கே வெட்டட்டும் என்று இதே எலக்ட்ரீஷியன் கேட்டார். ‘பால் காய்ச்சி முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்றேன். ஒயர் முனையில் டேப் சுற்றிச் சுவருக்குள் விட்டுவிட்டுப் போனார். அதோடு நான் மறந்தேன். என் உயிருக்கு ஆகாது என்றதும் இரண்டு நாளில் குழியை மூடிய நான், வேறு குழி வெட்ட ஆறு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் விளக்கியது எளிமையாக இருந்தது. மிஷினுக்குள் ஒரு பாகம் கெட்டு, கரண்ட் அதன் உடம்பில் கசிந்திருக்கிறது. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். போக வழியில்லாததால், வீட்டிலுள்ள எல்லா எர்த் ஒயரிலும் பரவி ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் வந்து, கேபிள் ஒயர் வழியாக வெளியே போகப் பார்த்து, அங்கே சத்தமாகக் கேட்டிருக்கிறது. அந்தச் சத்தத்தைத்தான் நான் மூன்று வாரம் துரத்தினேன்.

மறுநாள் கிழக்குப் பக்கம், குழாயடி ஈரம் படும் இடத்தில் புதிதாகக் குழி வெட்டினார். மிஷினில் கெட்ட பாகத்தை மாற்றினார். கசிவு வந்தால் தானாகவே விழுந்துவிடும் ஸ்விட்ச் ஒன்றையும் மாட்டினார். என் கண் முன்னால் டெஸ்ட் லேம்ப் எர்த்தில் பளிச்சென்று எரிந்தது. எரிந்ததுமே அந்த ஸ்விட்ச் சரியாக விழுந்தது. பாய் கடையிலிருந்து பெட்டியை வாங்கி வந்து மாட்டினேன். வண்டுச் சத்தம் போயே போய்விட்டது.

அப்போதும் என் புத்தியைப் பாருங்கள். அவளைக் கூப்பிட்டு, “வா, வந்து கேளு. சுத்தமா நின்னுருச்சு” என்றேன்.

வந்தாள். உட்காரவில்லை. “உங்க பொட்டி உறுமலைன்னா, யாரு வந்து பாத்திருப்பாங்க?” என்றாள்.

நான் பாட்டை நிறுத்தினேன்.

“ஏங்க, இத்தன மாசத்துல ஒரு தடவையாச்சும் அந்த மிஷினத் தொட்டுப் பாத்தீங்களா?”

இல்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இல்லை. அவள் விழுந்த அன்றுகூட நான் தொட்டது பிளக்கைத்தான்.

“வாங்க” என்று பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். மிஷினில் துணி ஓடிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து என் கையை நனைக்கச் சொன்னாள். நனைத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். நானே பக்கத்தில் நின்று சோதித்தது. ஆனாலும் மிஷினுக்கு ஒரு சாண் முன்னால் என் கை நின்றுவிட்டது. மனசுக்குள் எவ்வளவு சொல்லிப் பார்த்தும் அது நகரவில்லை. தினமும் காலையில் அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள், நின்றுவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறாள்.

அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தொடுங்க” என்றாள்.