அப்பா கேட்ட கேள்வி

கோயமுத்தூரில் ஸ்டேடியம் கட்டுவதற்கு முன்பு பெரிய கால்பந்து ஆட்டமெல்லாம் மில் மைதானங்களில்தான் நடக்குமாம். தோற்ற கூட்டம் துரத்தினால் ரெஃபரி பக்கத்துச் சோளக்காட்டுக்குள் புகுந்து தப்பித்துவிடலாம், ஸ்டேடியம் வந்தபிறகு அந்த வசதி போய்விட்டது என்று அப்பா சொல்லுவார். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். விடுமுறை நாட்களில் ரெஃபரி. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவும் நானும் சிரிப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. எனக்கு எட்டு வயது. தம்பியைப் பெற்றெடுக்க அம்மா பொள்ளாச்சிக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால், ஸ்டேடியத்தில் நடந்த ஓர் இறுதி ஆட்டத்துக்கு அப்பா என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். கோலுக்குப் பின்னால், ஓட்டப்பாதை ஓரமாக, முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒரு பால் ஐஸையும் கொடுத்தார்.

“எந்திரிக்கப்படாது கண்ணு. முடிஞ்சதும் நானே வாரேன்.”

எங்கள் ஊர் மில் அணிக்கும் ஒரு வெளியூர் அணிக்கும் ஆட்டம். கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து தறிக்காரர்கள் லாரி பிடித்து வந்திருந்தார்கள். கேலரியில் எள் போட இடமில்லை. ஜெயித்தால், மில்லில் தற்காலிகமாக வேலை பார்த்த ஆட்டக்காரர்களை நிரந்தரமாக்குவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர்களில் ஒருவர் எங்கள் தெருக்கோடி வீட்டு மாமா. சொந்தமில்லை, தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமாதான். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் ஆட்டக்காரர். ஆட்டம் தொடங்குமுன் என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

ஆளுக்கொரு கோல் என்ற நிலையில் கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பந்து என் பக்கத்துக் கோலை நோக்கி வந்தது. பெரும் கூச்சல். அப்பாவின் விசில். நான் நிமிர்ந்தபோது மாமா நெஞ்சைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவர் முன்னால் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். கோலுக்குள் போக இருந்த பந்தைக் கையால் தடுத்துவிட்டாராம். பெனால்டி. வெளியூர்க்காரர்கள் கோல் போட்டார்கள். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

முதல் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பா என்னை அள்ளிக்கொண்டு கேலரிக்கு அடியில் இருந்த அறைக்குள் ஓடித் தகரக் கதவைத் தாழிட்டார். கதவில் கற்கள் விழுந்த சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே இரண்டே போலீஸ்காரர்கள், “நவுருங்க, நவுருங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

மேசைமேல் ஆட்ட அறிக்கைத் தாள் இருந்தது. அப்பா பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றவில்லை. அப்போது கதவுக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது.

“சார், நெஞ்சுலதானுங்க பட்டுச்சு. எங்க அம்மா மேல சத்தியமுங்க. கையில பட்டுச்சுன்னு எழுதிப்போட்டீங்கன்னா எனக்கு மில்லுல வேலை நிக்காதுங்க.”

அப்பா பேனாவோடு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“கண்ணு, நீ பக்கத்துல இருந்தியல்ல. கையில பட்டுச்சா?”

நான் பார்க்கவே இல்லை. பால் ஐஸ் உருகிப் புது கவுனில் சொட்டியிருந்தது. விசில் கேட்கிறவரை குனிந்து அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வெளியே அத்தனை பேரும் அப்பாவுக்கு எதிராக நின்றார்கள். உள்ளே அவருக்கு இருந்தது நான் ஒருத்திதான்.

“பட்டுச்சுங்கப்பா. கையிலதான் பட்டுச்சு” என்றேன், கூட்டத்துக்கே கேட்கும்படி.

வெளியே மாமாவின் குரல் நின்றுபோனது. அப்பா மூடியைக் கழற்றி எழுதத் தொடங்கினார்.

வெளியே வர முடியாமல் இன்னும் அரைமணி நேரம் போயிற்று. பிறகு யாரோ மெதுவாகக் கதவைத் தட்டினார்கள். அப்பா திறந்தார். மாமா நின்றிருந்தார். அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“வா அம்மணி” என்று என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். “சார், பின்னாலயே வாங்க.”

மாமாவின் தோளில் இருந்த பிள்ளைமேல் யாரும் கல்லெறியவில்லை. கூட்டம் முணுமுணுத்தபடி வழிவிட்டது. அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் சாமி போவதுபோல நான் வாசல்வரை போனேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அறிக்கையின்மேல் மாமாவுக்கு ஒரு வருடம் ஆடத் தடை வந்தது. மில்லில் அவரை நிரந்தரமாக்கவில்லை, இருந்த வேலையும் நிற்கவில்லை. அடுத்த தைக்குள் வீட்டைக் காலிசெய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு விசிலைத் தொடவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோது, முழங்கால் வலி என்றார். ஸ்டேடியத்தில் பிறகு புது ஓட்டப்பாதை வந்தது, விளக்குகள் வந்தன. எத்தனையோ ரெஃபரிகள் வந்து போனார்கள். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்றைக்கு அந்த அறையில் அப்பாவுக்கு விடை தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. விசில் ஊதியவர் பார்க்காமலா ஊதியிருப்பார்? வாய்ப்பாடு கேட்கிற வாத்தியார்போல, எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் கேட்கிறார் என்று நினைத்தேன்.