கிடாரம் கொண்ட வான்

என் குறிப்பேட்டில் ஜூன் 8, சனிக்கிழமை என்று தேதியிட்ட பதிவு இது: "அப்டன் பார்க்கில் வெள்ளை வான் பார்த்தோம். கிடாரம் கொண்டது. உயரம் பார்க்கவில்லை." கடைசி இரண்டு சொற்களும் வேறு மையில் இருக்கின்றன. அவற்றை ஜூலையில்தான் சேர்த்தேன்.

அந்த வான் வண்டி தேவைப்பட்டது என் மச்சானுக்காக. தங்கையின் கணவர். எங்கள் பாடசாலையின் பழைய மாணவர்கள் ஒவ்வொரு கோடையிலும் தென் லண்டன் பூங்கா ஒன்றில் கிரிக்கெட் ஆடுவோம். எல்லைக்கோட்டுக்கு வெளியே கார்களின் பின்கதவைத் திறந்துவைத்துச் சாப்பாடு பரிமாறுவோம். ஒரு காரில் ரோல்ஸ், இன்னொன்றில் கட்லட். மச்சானின் காரில் எப்போதும் ஒரு கிடாரம் நிறைய ஆட்டிறைச்சிக் கறியும் தொட்டுச் சாப்பிடப் பாணும். முதல் ஆட்டத்திலிருந்து வருகையைப் பதிந்துவருகிறவன் நான். ஒரு பந்தையாவது கண்ணால் கண்டவருக்கு மட்டுமே 'வந்தார்'. சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு அது கிடையாது. எல்லா ஆண்டும் 'வந்தார்' என்றிருப்பது இரண்டே பேருக்கு. ஒருவர் மச்சான், மற்றவன் நான்.

மே மாத இறுதியில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். தாழ்ந்த ஆசனம் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் அவருடைய காரும் கூடாதென்று ஆயிற்று.

"இந்த முறை 'வரவில்லை' எண்டு எழுது மச்சான்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

"வான் எண்டால் ஏறுவியளோ?" என்று தங்கை கேட்டாள்.

"கிடாரமும் ஏறுமெண்டால் நானும் ஏறுவன்."

திரும்பும்போது வானிலேயே வரலாம் என்ற நம்பிக்கையில், நானும் தங்கையும் டூட்டிங்கில் இருந்து பாதாள ரயிலில் கிடாரத்தோடு அப்டன் பார்க் போனோம். பெரிய சமையல் பாத்திரம். இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வானை விற்றவர் தமிழ்நாட்டுப் பொறியியலாளர்.

"எல்லாரும் இன்ஜினத் தொறந்து பாப்பாங்க சார். நீங்க அண்டாவ உள்ள வச்சுப் பாக்குறீங்க!"

"இன்ஜின் பழுதானால் திருத்தலாம் தம்பி," என்றாள் தங்கை. "கறி கவிண்டால் என்ன செய்யிறது?"

அவர் சிரித்துக்கொண்டே கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தார். வானின் பின்கதவு கிடாரத்தின் மூடியில் முட்டாமல் இறங்கியது. ஆஸ்பத்திரித் தாளில் இருந்த அளவோடு ஆசன உயரத்தையும் ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. வாங்கிவிட்டோம்.

ஜூலையில் ஆட்ட நாளன்று காலை, பூங்காவின் வாகனத் தரிப்பிட வாசலில் வானின் கூரைக் கம்பி 'டங்' என்று எதிலோ முட்டியது. மஞ்சள் பூசிய இரும்புச் சட்டம். உயரமான வாகனங்களைத் தடுக்கக் குறுக்கே போட்டிருந்தார்கள். இத்தனை வருடமும் அதன் கீழால்தான் கார்களில் போய்வந்தோம். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"கிடாரத்தை அளந்தாய், கதிரையை அளந்தாய், இதை விட்டிட்டியே மச்சான்!" என்றார் பக்கத்து ஆசனத்தில் இருந்த மச்சான்.

வானைப் பின்னுக்கு எடுத்து, பூங்காவின் வெளிவேலியோரம் தெருவில் நிறுத்தினேன். மச்சானால் ஊன்றுகோலோடு இருபது அடி நடக்க ஏலும். ஆடுகளம் அதைவிட எவ்வளவோ தூரம். அவர் வேலியோரம் அடர்ந்து நின்ற பற்றைகளைப் பார்த்தார். பிறகு, "பின்கதவைத் திற," என்றார்.

கறி வாசம் போதுமாக இருந்தது. கால்காப்பைக் கழற்றாமலே ஆட்டக்காரர்கள் தெருவுக்கு வந்து வரிசையில் நின்றார்கள். மச்சான் பின்கதவருகே நின்று பரிமாறினார்.

"அண்ணை, எனக்கு எலும்பு வேண்டாம்."

"எத்தினை ஓட்டம் எடுத்தனி?"

"மூண்டு."

"அப்ப உனக்கு எலும்புதான்."

கடைசி ஓவருக்கு நான் மட்டும் உள்ளே ஓடினேன். எல்லைக்கோட்டில் எங்கள் அணியில் ஒருவன் பந்தைப் பிடித்த பிடியால் நாங்கள் வென்றோம். மூச்சிரைக்கத் திரும்பி வந்து வாயைத் திறக்குமுன் மச்சான் சொன்னார்:

"பிடிச்சவன் விழுந்து எழும்பினவன். கண்டனான்."

"எங்காலை கண்டனீங்கள்? முன்னுக்குப் பற்றையெல்லே," என்றாள் தங்கை.

"இடைவெளிக்குள்ளாலை." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன எழுதப்போறாய்?"

'வந்தார்' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து, அதன் கீழே சிறிய எழுத்தில் சேர்த்தேன்: "கடைசிப் பிடியை வானிலிருந்து கண்டதாகச் சொல்கிறார். வான் நின்ற இடத்திலிருந்து ஆடுகளம் தெரியுமா என்பதை நான் இன்னும் போய்ச் சரிபார்க்கவில்லை."