அரை மணி நேரத் தாமதம்

நாலாவது மாடியில் இருந்த டெய்லர் அக்காவைப் பற்றி எங்கள் குடியிருப்பில் இப்போது யாரும் பேசுவதில்லை. பேசினால் நடந்ததையும் பேச வேண்டியிருக்கும்.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டியவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விடாமல் பயிற்சிக்கு அழைத்து வந்தால் நடக்க வைத்துவிடலாம் என்றார் மருத்துவர். அந்த நேரம் பார்த்துத்தானா லிஃப்ட் பழுதாகி நிற்க வேண்டும்! சங்கச் செயலாளரைக் கேட்டால், "பாக்கலாம்மா, வருசக் கூட்டத்துல வெச்சுப் பேசலாம்" என்பார். அந்தக் கூட்டம் வருவதற்குள் மனிதரின் கால் மரக்கட்டையாகிவிடும்.

அக்காவைக் கிள்ளுக்கீரை என்று நினைத்துவிட்டார் செயலாளர். அவளோ சங்க விதிகளை வாங்கிப் படித்தாள். உறுப்பினர்களில் நாலில் ஒரு பங்கு பேர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். பகலெல்லாம் கடையில் தைத்துவிட்டு, சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். என்னிடம் மட்டும் கையெழுத்துக் கேட்கவில்லை. நான் வாடகைக்கு இருப்பவன். என் தலை கணக்கில் வராது. "நீ நாற்காலி போட வா தம்பி, போதும்" என்றாள்.

கூட்டம் ஆறு மணிக்கு. எங்கள் ஆட்களுக்கு ஆறு என்றால் ஆறரை. வருடக் கூட்டத்தில் போதுமான ஆள் இல்லையென்றால் அரை மணி தள்ளிவைத்து, அப்புறம் இருப்பவர்களை வைத்தே நடத்தலாம். அதில் ருசி கண்டுவிட்டார்கள். உறுப்பினர்கள் கேட்டுக் கூட்டும் கூட்டத்துக்கோ அந்தச் சலுகை கிடையாது. அரை மணிக்குள் ஆள் சேராவிட்டால் ரத்து. அக்கா இதை ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். மண்டையை மண்டையை ஆட்டினார்கள்.

ஆறு அடித்தும் பாதி நாற்காலி காலி. அக்கா படிக்கட்டடியில் நின்று கத்தினாள். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் இறங்குங்கண்ணே!"

"வந்துட்டே இருக்கோம்மா! எப்பவும் ஆறரைக்குத்தானே ஆரம்பிப்பாங்க?" என்றது மேலே ஒரு குரல்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்ததும் எழுந்தார். "கூட்டம் ரத்து. இதே விசயத்துக்கு இன்னும் ஆறு மாசம் மறுபடி கேக்க முடியாது. நான் என்னம்மா பண்றது, விதி அப்படி."

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம், குடும்பம் குடும்பமாக. "அட, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, வந்த வழியே ஏறிப் போனார்கள். அக்கா நாற்காலிகளை மடக்கினாள்.

அவள் ஆறு மாதம் காத்திருக்கவில்லை. வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, எங்கோ தள்ளி ஒரு தரைத்தள வீடு பார்த்தாள். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் முதலில் பீரோவை இறக்கினார்கள், பிறகு தையல் மெஷினை. கடைசியாக அக்காவின் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, நழுவாமலிருக்கத் துணியால் கட்டித் தூக்கினார்கள். "பாத்துடா, செவுத்துல இடிக்கப் போகுது" என்று பீரோவுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

வழியனுப்பக் குடியிருப்பே கீழே திரண்டிருந்தது, செயலாளர் உட்பட. அக்கா வண்டியில் ஏறுமுன் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"பரவால்லயே, இன்னிக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்துட்டீங்க."