பாதி பில் தேன்மொழி அக்காவுக்கு

நியாயத்துக்காகத்தான் அந்தக் குழாய் பில்லை எதிர்த்தேனா, பக்கத்து வீட்டுத் தேன்மொழி அக்காவும் கொஞ்சம் கட்டட்டும் என்று எதிர்த்தேனா?

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் வீடு. அங்கே உள்ள வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அலுவலகத்திலேயே எனக்கு வேலை. குழந்தையை வைத்துக்கொண்டு செய்ய முடிகிற வேலை என்று சேர்ந்தேன். எந்த வீட்டுக்கு என்ன பில் என்று செயலாளர் சொல்வார். நான் டைப் செய்து கொடுப்பேன்.

மழைக்காலம் முடிந்தும் எங்கள் குளியலறைச் சுவர் ஊறிக்கொண்டே இருந்தது. குழந்தைக்குச் சளி விடவில்லை. நான் டவுன்ஷிப்புக்குள், சுரங்க நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே குழாய் ஒழுகினால் மெயின்டனன்ஸ் ஆபீஸுக்கு ஒரு போன் போதும். ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். காசு என்ற பேச்சே எழாது. அதே பழக்கத்தில், செலவு யாருடையது என்று கேட்காமலே சங்கத்தில் கம்ப்ளைன்ட் கொடுத்துவிட்டேன்.

சுவரை உடைத்த பிளம்பர் சொன்னார்: "இது ஒங்க வூட்டு பைப்பே இல்லீங்க. மூணாவது மாடிலேர்ந்து எறங்கிக்கினு வருது. ஒங்களுக்கும் பக்கத்து வூட்டுக்கும் நடுவுல போவுது."

குழாயை மாற்றினார்கள். பக்கத்து வீடான தேன்மொழி அக்கா வீட்டுச் சுவரும் காய்ந்தது.

"நல்லவேள நீ கம்ப்ளைன்ட் குடுத்த. எங்க பெட்ரூம் சொவுரும் காஞ்சிடுச்சி. பெயின்ட் அடிச்சாச்சு, வந்து பாரேன்" என்றார் அக்கா.

போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு அடிக்கலாம் என்று நான் நினைத்திருந்த அதே நிறம். அக்காவின் கணவர் சுரங்கத்தில் பர்மனன்ட். என் கணவர் அங்கேயே கான்ட்ராக்ட். எங்கள் சுவரில் சிமென்ட் பூச்சு அப்படியே தெரிகிறது. "அழகா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் செயலாளர் டைப் செய்யக் கொடுத்த பில்களில் எங்கள் வீட்டுப் பில்லும் இருந்தது. முழுச் செலவும் எங்கள் பேரில். குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கு எடுத்து வைத்திருந்தது அத்தனையும் அதற்கே போய்விடும்.

"சார், அது காமன் பைப் சார்."

"கம்ப்ளைன்ட் குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப ஒன் வூட்டு வேலதானம்மா? ஆபீஸ்ல இருக்கிற பொண்ணுக்கே தள்ளுபடி பண்ணா, நாளைக்கு எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க."

சங்கம்தான் கட்ட வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"தேன்மொழி அக்கா வீட்டுச் சுவரும்தானே சார் காஞ்சுது? பாதி அவங்களுக்குப் போடுங்க."

"அதுவும் சரிதான்" என்றார். அந்தப் பில்லை வழக்கத்தைவிட வேகமாகவே டைப் செய்தேன்.

மறுநாள் அக்கா பில்லோடு அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஏன் சார், மூணு மாடித் தண்ணி போற பைப்புக்கு நான் எதுக்கு கட்டணும்? மாசாமாசம் மெயின்டனன்ஸ்னு வாங்கறீங்களே, அது பொங்கலுக்குக் கரும்பு வாங்கவா?"

செயலாளர் சிரித்துவிட்டார். "சரிம்மா, சண்டைக்கு வராத" என்று அக்காவின் பங்கை ரத்து செய்தார். எனக்கு வராத பேச்சு அக்காவுக்கு எவ்வளவு எளிதாக வந்தது! அந்தப் பெயின்ட்டைவிட இதுதான் என்னை அதிகம் எரித்தது.

அக்கா போனதும், "என் பாதி சார்?" என்றேன்.

"நீயேதானம்மா பாதின்னு ஒத்துக்கிட்ட?"

அன்று மாலை படிக்கட்டில் அக்கா பிடித்துக்கொண்டார். "ஒனக்கும் போட்டிருக்காங்களாமே! வா, ஒனக்கும் சேத்து நான் கேக்கறேன்."

"வேணாம்க்கா, நான் பாத்துக்கிறேன்."

அவர் கேட்கப் போனால், பாதியை அவர் தலையில் போடச் சொன்னது யார் என்று செயலாளர் சொல்லிவிடுவார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: பில்லை எதிர்க்கும்போது குழாய் யாருடையது என்று மட்டும் பேச வேண்டும், பக்கத்து வீட்டை இழுக்கக் கூடாது. ஆனால் பணம் கட்டும் நாள் நெருங்குகிறது. அக்கா தினமும் "கேட்டியா?" என்கிறார். சங்க அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஒருமுறை ஒப்புக்கொண்ட பில்லை எப்படித் திரும்ப எதிர்ப்பது? அதற்கு முன் அக்காவிடம் நானே உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா?