கறுப்பு ஜன்னல் கருத்தையா

மவுஸை மல்லாக்கப் போட்டு, அதன் வாலை மேசைக்காலில் முடிந்துவிட்டுத்தான் கருத்தையா கம்ப்யூட்டர் முன் உட்காருவார். திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் படமில்லை, பொத்தானில்லை. வெள்ளை எழுத்தில் கட்டளை அடிக்க வேண்டும். "அம்புக்குறிய வச்சு அமுக்கிட்டுத் திரியுறது சோம்பேறி வேலை. எழுத்துல உத்தரவு போட்டா அவிய கேட்டுக்கிடுவாக" என்பார். அவிய என்றால் கம்ப்யூட்டர். மேனேஜருக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

சொந்த ஊர் கான்சாபுரம். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லுக்கு வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். கட்டளை அடித்து என்டரைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். "ஏன்னு கேக்காம, முடிச்சிட்டேன்னு பீத்தாம, கம்முனு இருக்காக பாருங்க. இந்த ஆபீஸ்ல அப்படி ஒருத்தன் உண்டா?" மௌனத்தின் பெருமையை அவர் கால் மணி நேரம் பேசுவார்.

அவர் உலகத்தில் எதன் மேலும் மூன்றே உரிமை: பார்க்கலாம், எழுதலாம், இயக்கலாம். யாருக்கு எது என்பது அவர் இஷ்டம். பில் போடும் அனுசியா திரையில் மயில் படம் வைக்கக் கேட்டபோது, "இருக்குற படத்தப் பாத்துக்கிடலாம். மாத்த பெர்மிஷன் கெடையாது" என்றார். அவருடைய டிபன் பாக்ஸுக்கும் அதே சட்டம். திறந்து காட்டுவார், தரமாட்டார்.

போன வாரம் ஒரு காலையில், யாரையும் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற அட்மின் உரிமை கண்டவர்களிடம் போயிருக்கிறது என்று சந்தேகம் வந்துவிட்டது. எல்லோரையும் நீக்கிவிட்டு, தகுதிப்படி மறுபடி கொடுப்பதென்று முடிவு. நினைவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லோருடைய பில் போடும் உரிமையையும் சேர்த்தே எடுத்தார். தன் பெயரையும் எடுத்தார். திருப்பிக் கொடுப்பதில் மேனேஜர் முதலில், தான் கடைசியில். விருந்து வைக்கிறவர் முதல் பந்தியில் உட்காருவாரா என்ன? கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, மேனேஜர் பெயரைச் சேர்க்கக் கட்டளை அடித்தார். கம்ப்யூட்டர் வாய் திறந்தது: உமக்கு அந்த உரிமை இல்லை.

வாசலில் கொச்சிக்குப் போகும் லாரி நின்றது. பில் இல்லாமல் சரக்கு நகராது. மேனேஜர் சோலைராஜ் உள்ளே வந்தார்.

"என்ன கருத்தையாண்ணே, டிரைவர் ஹாரன் அடிச்சே கொல்லுதான்?"

"செத்த நேரம் பொறுங்க சார். பந்தி நடக்கு."

"யாருக்கு எலை போட்ருக்கு?"

"இன்னும் யாருக்கும் போடல."

"மத்தியானத்துக்குள்ள பில் வரலேன்னா இந்தக் கம்ப்யூட்டர் வேலைய மதுரைக் கம்பெனிக்காரங்களுக்குக் குடுத்துருவேன். பொறவு நீங்க வீட்ல டிபன் பாக்ஸுக்கு மட்டும் காவல் இருக்கலாம்."

கருத்தையா அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். தானே போட்ட பூட்டு; நல்ல பூட்டு. மீசை வேர்த்தது.

"அண்ணாச்சி" என்றாள் அனுசியா. "பங்குனியில பேத்திக்கு மொட்டை போடப் போனப்ப, என்னைய அட்மினா ஆக்கிட்டுப் போனீகளே. இன்னைக்கு வரைக்கும் திருப்பி வாங்கவே இல்லையே."

"எம்புட்டு நேரமா முழிக்கேன், ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கல. கம்முனு இருந்தாத்தான ஒங்களுக்குப் புடிக்கும்?"

கருத்தையா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, "யார் பேர மொதல்ல சேக்கட்டும்?" என்றாள்.

"மேனேஜர் சார்..."

"யோவ், ஒம்ம பேரப் போடச் சொல்லும்யா மொதல்ல!" என்று கத்தினார் சோலைராஜ்.

அனுசியா பாஸ்வேர்ட் அடிக்க விரலை வைத்தாள். கருத்தையா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்; பிறகு மேனேஜரின் தோளைத் தொட்டு அவரையும் திருப்பிவிட்டார்.