ஒன்பதாம் வரிசையின் மஞ்சள் கோடு

அந்தச் செய்தி டயர்க்காரரின் மச்சான் வாயில் பிறந்தது. மச்சானிடமிருந்து டயர்க்காரருக்கு, டயர்க்காரரிடமிருந்து பெயிண்டருக்கு. பேருந்து ஷெட்டின் மூன்றாம் மேடைக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கண், மூக்கு, காது எல்லாம் வைத்தாகிவிட்டது.

"நாலுநட்டு அண்ணே, விஷயம் தெரியுமா? ஆத்துக்கு அந்தப் பக்கம் ஷெட்ல உங்க மிஷினை வாசல் தாண்டி விடக்கூடாதுன்னுட்டாங்களாம்."

இருக்கைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "எந்த மிஷின்?"

"இதோ கையில வச்சிருக்கீங்களே, நட்டு முடுக்கற இந்தச் சிவப்பு பேட்டரி ராட்செட்டுதான். இதுல மாட்டின சீட்டு ஒண்ணு, பிரேக் அடிச்சதும் ஆளோட எழுந்து நடந்து போய் டிரைவர்கிட்ட வழி கேட்டுச்சாம்."

"உட்கார்ந்திருந்த ஆளு?"

"பல்லு போச்சாம். டயர்க்காரர் ரெண்டுன்னார். அவர் மச்சான் ஒண்ணுன்னுதான் சொன்னாராம்."

"நீ எத்தனை சொல்லிட்டு வந்தே?"

பெயிண்டர் கொஞ்சம் யோசித்தார். "வாஷிங் ஆளுங்ககிட்ட மூணுன்னு சொல்லிட்டேன்ணே."

பெற்றோர் வைத்த பெயர் நாலுநட்டுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சமிருந்தது. நெடுந்தூரப் பேருந்துகளின் இருக்கைகளைக் கழற்றுவது, உறை மாற்றிவந்ததும் திரும்ப மாட்டுவது; பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. இருவர் உட்காரும் ஓர் இருக்கைக்கு நாலு நட்டு. வரிசைக்கு இரண்டு இருக்கை, எட்டு நட்டு. பதினோரு வரிசைக்கு எண்பத்தெட்டு. 'இன்னும் எவ்வளவு இருக்கு?' என்று கேட்டால் மற்றவர்கள் மணிக்கணக்குச் சொல்வார்கள். இவர் நட்டுக்கணக்குச் சொல்வார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கேலி முற்றினால் 'நாலுநட்டும் கழண்ட அண்ணே' என்று பெயிண்டர் அதை நீட்டுவதும் உண்டு.

பயணிகளை அவர் முகம் பார்த்து அறிந்ததில்லை. அவர்கள் இருக்கைக்கு அடியில் விட்டுப்போனதை வைத்துத்தான் தெரியும். மடித்து மடித்து நைந்த மருந்துச் சீட்டு, ஒற்றைக் குழந்தைச் செருப்பு, மூக்குக் கண்ணாடியின் ஒரு கை. யாரும் திரும்பி வந்து எதையும் கேட்டதில்லை.

ஷெட்டில் நட்டு முடுக்க, காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி இருக்கிறது. அதன் குழாய் தடிமன். இருக்கையின் காலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள நாலு விரல் இடைவெளியில் அதன் மூக்கு நுழையாது. அதனால் கை ராட்செட்டைப் பிடித்துக்கொண்டு, டிக் டிக் என்று எண்பத்தெட்டு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். பதின்மூன்று வருஷம் திருப்பினார். பிறகு வலது தோள் பேச ஆரம்பித்தது. முதலில் மாலையில் மட்டும் பேசியது. அப்புறம் சட்டை மாட்டும்போதே பேசியது.

ஆறு வருஷத்துக்கு முன் அந்தச் சிவப்பு ராட்செட்டைத் தேடிப் பிடித்தவர் அவர் மனைவி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க விரிப்பு மடிப்பவர். தோள் வலியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கைபேசியில் தேடி, "இருக்கறதுலயே விலை குறைஞ்சது இதுதாங்க. ரெண்டு பேட்டரி தர்றான். ஒரு வருஷம் ஓடினா நமக்கு லாபம்" என்றார்.

பெட்டியைப் பிரித்த அன்று ஃபோர்மேன் அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, பல்லு விளக்கவா?"

ஒரு வருஷம் ஓடியது. அதன் பிறகும் ஓடியது. முதல் பேட்டரி இரண்டாம் வருஷம் படுத்தது. அடுத்தது நாலாம் வருஷம். மூன்றாவதாக வேறு யாரோ செய்த பேட்டரியை வாங்கினார். அது பள்ளத்தில் ஆடியதால் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி உட்காரவைத்தார். முனையில் இருந்த சிறு விளக்கு எப்போது அணைந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. முன்னும் பின்னும் சுழலவைக்கும் சாவி உடைந்து, திருப்புளி நுனியால் தள்ளினால்தான் நகரும். உரிந்த கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். இரவில் அது குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏறி உட்காரும். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்ததும் மனைவி சொல்வார்: "சின்னவர் சாப்பிட்டாச்சு. நீங்களும் வாங்க." அது இன்னும் உயிரோடிருப்பதைப் பார்த்து, "பாவிக்கு ஆயுசு கெட்டி" என்பதும் அவர்தான்.

இப்போது அந்தப் பாவி மேல் பழி. நாலுநட்டு இருக்கையின் அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தார். எழுவதற்கு மூன்று தவணை தேவைப்பட்டது: முழங்கை, முழங்கால், பெருமூச்சு.

"மிஷினைச் சொல்லாதே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மோட்டார் நட்டை ஓட்டிக்கிட்டுப் போய் உட்காரவைக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. அதுக்கப்புறம் சுவிட்சை விட்டுட்டு, அதையே பிடிச்சு கையால ஓர் இழுப்பு இழுக்கணும். இறுக்கம் கையில இருக்கு. அந்த ஷெட்டுக்காரன் மோட்டார் நின்னதும் இறுகிடுச்சுன்னு நினைச்சிருப்பான். மடையன்."

"நீங்க ஒவ்வொண்ணையும் இழுக்கறீங்களா?"

"இழுக்காம? இழுத்துட்டுத்தானே கோடு போடறேன்."

நட்டிலிருந்து தரைக்குப் போகும் சிறு மஞ்சள் கோடு. நட்டு பின்னால் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியாயிற்று என்பதற்கும் அதுதான் அடையாளம். ஃபோர்மேன் கோட்டைப் பார்த்துத்தான் தாளில் கையெழுத்துப் போடுவார்.

பெயிண்டர் தலையாட்டிவிட்டுப் போனார். நாலுநட்டு போகவில்லை. தான் சொன்ன கடைசி வார்த்தையே அவரைப் பிடித்து நிறுத்தியது.

இழுத்துவிட்டுத்தான் கோடு. அப்படித்தான் இருந்தது, போன வருஷம் வரைக்கும். மோட்டார், இழுப்பு, கோடு, அடுத்த நட்டு. ஆனால் இழுப்பதற்கு இடப்பக்கம் சாயவேண்டும், கோடு போட வலப்பக்கம். ஒரு வரிசையில் எட்டு முறை புரண்டால் தோள் அழுதது. அதனால் வலப்பக்கம் சாய்ந்தபடியே எட்டுக்கும் மோட்டாரை ஓட்டி, எட்டுக்கும் கோட்டையும் போட்டுவிட்டு, ஒரே ஒரு முறை புரண்டு எட்டையும் இழுக்கத் தொடங்கினார். எட்டுப் புரளல் ஒன்றானது. இழுக்கும்போது நகரும் கோட்டை விரலில் துடைத்து நேராக்கிவிடுவார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுதான்.

நேற்று. ஒரு நீல நிறப் பேருந்து. ஒன்பதாம் வரிசை.

வலப்பக்கம் சாய்ந்திருந்தார். கடைசிக் கோடு போட்ட கையில் தூரிகை ஈரமாக இருந்தது. அப்போதுதான் அந்த வண்டி டிரைவர் ஏறிவந்தார். "அண்ணே, ஒரு நிமிஷம். என் சீட்டு பெல்ட் கொக்கி மாட்ட மாட்டேங்குது. நாளைக்குக் காலையில வண்டி எடுக்கணும்." ஒரு நிமிஷம் அரை மணி நேரமானது. பிறகு சாப்பாடு. திரும்பி வந்து டார்ச் அடித்தார். ஒன்பதாம் வரிசையில் எட்டுக் கோடும் இருந்தன. பத்தாம் வரிசைக்குப் போனார்.

தன் கோட்டைத் தானே நம்பினார்.

'இல்லை, இழுத்திருப்பேன்' என்று மனசு சமாதானம் சொன்னது. தோளைக் கேட்டுப் பார்த்தார். அதற்கு எல்லா நாளும் ஒரே வலி. சாட்சி சொல்ல வராது.

அப்படியே இழுக்காமல் விட்டிருந்தாலும் என்ன, மோட்டார் ஓரளவு இறுக்கியிருக்கும் அல்லவா? மேடையில் நின்ற வண்டியிலேயே சோதித்துவிட முடிவு செய்தார். மீண்டும் படுத்தார். ஒரு நட்டை மோட்டாரில் ஓட்டினார். விர்ரென்று போய் முனகிக்கொண்டே நின்றது. கோடு போட்டார். பிறகு கையால் இழுத்தார். ராட்செட் புதிதாக இருந்த காலத்தில் நட்டு அதற்குமேல் நகத்தளவு நகரும், நின்றுவிடும். இப்போது நகர்ந்தது. மேலும் நகர்ந்தது. கோடு அரை வட்டம் சுற்றிச் சுவர்ப்பக்கம் போய் நின்றது.

ஆறு வருஷம். தினமும் பார்க்கும் பிள்ளை வளர்வது தெரியாது என்பார்கள், தேய்வதும் தெரியாது. மோட்டார் விட்ட வேலையைக் கை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது, ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கூடுதலாக. தோள் வலி வயசால் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்குள் ஃபோர்மேன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நாலுநட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஃபோர்மேன் நேற்றைய தாளை உருவி எடுத்தார்.

"இதோ பாருய்யா. எண்பத்தெட்டு கோடு. நானே எண்ணினேன்."

"கோடு இருக்கு. இழுப்பு இல்லை."

"இழுக்கலைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இழுத்திருப்பே. பத்தொன்பது வருஷமா இழுக்கறவன் ஒரு நாள் மறப்பியா? போய் வேலையைப் பாரு."

"மறந்திருந்தா?"

ஃபோர்மேன் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை; அவரும் களைத்த மனுஷன். "இங்க பாரு, கையெழுத்து என்னோடது. இதை ஆபீஸ்ல சொன்னா முதல்ல அந்தப் பொம்மையைப் பிடுங்கிக் குப்பையில போடுவாங்க. சரியா? அது இல்லாம எண்பத்தெட்டையும் கை ராட்செட்டுல திருப்புவியா, இந்தத் தோளை வச்சுக்கிட்டு? ஒரு மாசம் தாங்குவியா? சும்மா இருக்கற சங்கை நீயே ஏன் ஊதிக் கெடுத்துக்கறே?"

சொன்னது அத்தனையும் நியாயம். ஒரு மாசம்கூடத் தாங்காது என்று நாலுநட்டுக்கே தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சம்பளம், அதுவும் விரிப்பு மடிக்கிற சம்பளம். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி இப்ப எங்க இருக்கும்?"

ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்தார். "சமவெளியிலதான். மூணு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்க."

"அதுக்கப்புறம்?"

"மலை" என்றார் ஃபோர்மேன், தாளைப் பார்த்தபடி.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. மலைச் சாலையில் வளைவுக்கு ஒரு பிரேக். ஒன்பதாம் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ தெரியாது, நாலு பேர். முதல் முறையாக அவர்களுக்கு முகம் வைத்துப் பார்க்க முயன்றார். வரவில்லை. கால்கள்தான் வந்தன. இருக்கை உயரமாக இருப்பதால் தரையைத் தொடாமல் ஆடும் இரண்டு கால்களும் அவற்றில் இருந்தன.

"டிரைவர் நம்பர் குடுங்க."

"என்கிட்ட வாங்கினேன்னு தெரிஞ்சா நாளைக்கு..."

"நாளைக்கு என்னை என்ன வேணா சொல்லுங்க. நான்தான் மறந்தேன்னே எழுதிக்குங்க. நம்பர் குடுங்க."

ஃபோர்மேன் ஒரு காகிதத்தில் எழுதித் தள்ளினார். பிறகு, யாரோ கேட்டதுபோல, "வண்டி டூல் பெட்டியில பதினேழாம் நம்பர் ஸ்பானர் இருக்கு" என்றார்.

நாலுநட்டு அந்த எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. அந்த டிரைவர் ஓட்டும்போது கைபேசியைத் தொடமாட்டார். இருக்கைக்குப் பின்னால் பையில் போட்டுவிடுவார். நல்ல வழக்கம். நேற்று வரை அதை எல்லோரிடமும் மெச்சிச் சொன்னவர் நாலுநட்டுதான். மறுபடி அடித்தார். இரண்டு நாற்பது. ஃபோர்மேன் தன் கைபேசியில் நிறுவன அலுவலகத்தை அழைத்தார். அங்கிருந்து ஒரு பாட்டு, காத்திருக்கச் சொல்லும் ஒரு பெண் குரல், மறுபடி அதே பாட்டு. தகவல் அனுப்பலாம் என்றார், விஷயம் கேட்டு வந்து நின்ற பெயிண்டர். அனுப்பினார்கள். படிக்கப்படவில்லை.

நடுவில் கைபேசி தானாக அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தார். மனைவி.

"ஏங்க, வரும்போது அந்தத் தைலம்..."

"வைம்மா. அப்புறம் பேசறேன்."

"என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"லைன் வேணும். வை."

மூன்று மணி. இப்போது நிறுத்தியிருப்பார்கள். டிரைவர் கை கழுவியிருப்பார், முதலில் கை கழுவும் ஆள்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பாரா, சாப்பிடுவதற்கு முன்னாலேயே கைபேசியைப் பார்ப்பாரா? மூன்று பத்து. சொல்லவேண்டியதை நாலுநட்டு உதட்டுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். சிக்னல் பாதியில் போனாலும் புரியும்படி, முக்கியமானது முதலில். தம்பி, வண்டியை எடுக்காதே. ஒன்பதாம் வரிசை. உட்கார்ந்திருக்கறவங்களை எழுப்பு. பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடு. ரெண்டு பக்கமும் சேர்த்து எட்டு. கோட்டைப் பார்க்காதே, இழுத்துப் பாரு.

ஃபோர்மேன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் உட்காரவில்லை. மூன்று இருபத்திரண்டு. பதினான்காவது முறையாக அந்த எண்ணை அழுத்தி, கைபேசியை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். வலது கையைத் தூக்கியபடி நிற்க முடியவில்லை.

மணி போய்க்கொண்டிருந்தது.